இழுத்துப் பாடுகிற சபை

எங்கள் சபை இழுத்துப் பாடுகிற சபை. செம்பாக்கம் ஏரிப் பக்கம் போகிறவர்கள் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் காது கொடுத்தால் தெரியும். ஒரு வரி முடிந்து அடுத்த வரி எடுப்பதற்குள் நாங்கள் மூச்சு வாங்குவோம், புத்தகத்தில் பக்கம் சரிபார்ப்போம், பின் பெஞ்சில் யார் லேட்டாக வந்தது என்று திரும்பிப் பார்ப்போம். அதற்குப் பிறகுதான் அடுத்த வரி. இதில் முதல் குற்றவாளி நான்தான். மூன்றாவது வரியின் கடைசி எழுத்தைப் பிடித்தேன் என்றால் விடமாட்டேன். முப்பத்தைந்து வருஷம் கணக்கு டீச்சராக இருந்து கத்திக் கத்தி வளர்த்த தொண்டை, அவ்வளவு சீக்கிரம் நிற்காது.

அப்படிப்பட்ட சபைக்கு முப்பத்தோரு வருஷமாக ஆர்கன் வாசித்தவர் என் வீட்டுக்காரர் எட்மண்ட். வாரத்தில் ஆறு நாள் ரயில்வேயில் ஃபிட்டர், ஏழாவது நாள் ஆர்கனிஸ்ட். அவர் எங்களைத் திருத்தியதே கிடையாது. வரி முடிந்ததும் கடைசிச் சுரத்தை அழுத்தியபடியே தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். கடைசி ஆள் மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் அடுத்த வரிக்குள் இறங்குவார். வெளியூரிலிருந்து வந்த ஆர்கனிஸ்ட் ஒருவர் ஒரு ஞாயிறு எங்களுக்கு வாசித்துவிட்டு, "இது பாட்டா, டவுன் பஸ்ஸா? ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்குதே" என்று கேட்டார். எட்மண்ட் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த ஆளுக்கு நான் காபி கூடக் கொடுக்கவில்லை.

போன நவம்பரில் அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. லேசான ஸ்ட்ரோக்தான் என்றார் டாக்டர். கால் சரியானது, பேச்சு சரியானது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் திரும்ப வரவில்லை. இரண்டு விரல்தானே, ஆண்டவர் பெரிய ஆபத்தை நீக்கினாரே என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு குரலாக வாசிக்கிற பாட்டில் மெட்டு மேலே ஓடுகிறது. அதைப் பிடிப்பது முக்கால்வாசி சுண்டு விரல்தான். பாக்கி எட்டு விரலும் வாசித்தால் பாட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஏதோ நடக்கிற மாதிரி இருக்கும், பாட்டு இருக்காது.

ஜனவரியில் சபைச் செயலாளர் லாசரஸ் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், அதுதான் பிரச்சினை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டு அனுப்பியிருப்பேன். வெளிநாட்டில் இருக்கிற சபைப் பிள்ளை ஒன்று கோயிலுக்குப் புதுக் கீபோர்டு அனுப்பியிருந்தது. அதை அட்டைப் பெட்டியோடு எங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கினார்.

"அண்ணே, இதுல சீக்வென்சர்னு ஒண்ணு இருக்காம். ஒவ்வொரு சுரமா மெதுவா உள்ள போட்டா அது ஞாபகம் வச்சிக்குமாம். அப்புறம் பட்டனை அழுத்தினா முழுப் பாட்டையும் அதுவே வாசிச்சிடும். ஒரு விரல் இருந்தாலே போதுமாம். நீங்க கத்துக்கிட்டா உங்க எடம் உங்களுக்கே."

"கத்துக்கலன்னா?" என்று நான் கேட்டேன்.

"ஈஸ்டர் வரைக்கும் பாப்போம் அக்கா. அதுக்குள்ள ஆகலன்னா, அஸ்தினாபுரத்துல ஒருத்தர் நல்லா வாசிக்கிறாரு. அவரை வரச் சொல்லலாம்னு கமிட்டியில பேச்சு."

எட்மண்ட் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வேயிலிருந்து ரிட்டயர் ஆன அன்று மாலையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கின மனுஷன் அவர். ஆனால் அந்த ஆர்கன் ஸ்டூலிலிருந்து இறக்கினால் இவர் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது.

அந்த மிஷின் எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. கூடவே வந்த புத்தகம் நூற்று நாற்பது பக்கம், எறும்பு எழுத்து இங்கிலீஷ். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பேன், அவர் பட்டனை அழுத்துவார். முதல் நாளே எதையோ அழுத்தி டிரம்ஸ் ஓட ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியவில்லை. துக்க வீட்டில் பாண்டு வாத்தியம் மாதிரி அது பாட்டுக்கு அடித்துத் தள்ளியது. கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன். போனில் வீடியோ தேடினால் ஒன்று இந்தியில் இருந்தது, ஒன்று கொரியனில் இருந்தது. கொரியன்காரர் பரவாயில்லை, மெதுவாகச் செய்து காட்டினார்.

பத்து நாளில் வழி பிடிபட்டது. முதலில் சுரத்தின் நீளத்தைச் சொல்ல வேண்டும், பிறகு கட்டையை ஒரு தடவை அழுத்த வேண்டும், திரையில் ஒரு எண் கூடும். இப்படி மேல் குரல் முழுக்கப் போட்டு முடித்து, திரும்ப முதலிலிருந்து இரண்டாம் குரல். ஒரு பாட்டுக்கு இரண்டு நாள் ஆனது. மூன்று பாட்டு முடித்த நாளில் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது மிஷினுக்குள் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு தடவையும் சேவ் பண்ண வேண்டும் என்று தொண்ணூற்று இரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறது, நான் எண்பதாம் பக்கத்தில் இருந்தேன். நான் மிஷினையும் கரண்டையும் அதைக் கண்டுபிடித்தவனையும் திட்டினேன். அவர் மறுபடி முதல் சுரத்திலிருந்து ஆரம்பித்தார்.

மாடியில் குடியிருக்கிற பெண்ணுக்குப் பிளஸ் டூ பரீட்சை. சத்தம் வேண்டாமென்று எட்மண்ட் ஹெட்போன் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு அந்த அறையிலிருந்து கேட்டதெல்லாம் டக், டக் என்று கட்டை அமுங்குகிற சத்தம்தான். அவர் காதுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தின் முதல் ஞாயிறு மிஷின் கோயிலுக்கு வந்தது. எட்மண்ட் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் பட்டனை அழுத்தினார். அச்சு அசலாகப் பாட்டு வந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் வரி சேர்ந்தே போனோம். வழக்கம்போல் மூச்சு வாங்கினோம். மிஷின் வாங்கவில்லை. நாங்கள் இரண்டாம் வரியை எடுத்தபோது அது இரண்டாம் வரியின் பாதியில் இருந்தது. விரட்டிப் பிடிக்கலாமென்று முன் பெஞ்சு ஓட, பின் பெஞ்சு தன் பாட்டுக்கு வர, நாலு சரணமுள்ள பாட்டில் நாங்கள் மூன்றாம் சரணம் பாடிக்கொண்டிருக்கும்போதே மிஷின் ஆமென் சொல்லி நின்றுவிட்டது. சபை நட்ட நடுவில் நின்றது.

கோயிலைத் திறந்து மணியடிக்கிற ஆரோன் வாசலிலிருந்து, "இன்னாக்கா, மிசின் பாடி முட்ச்சிட்டு வூட்டுக்குப் போயிடிச்சி, நீங்க இன்னும் இங்கியே நின்னுக்கினு கீறீங்க" என்றான். அவன் மெதுவாகப் பேசுகிறவன் இல்லை. இளசுகள் சிரித்துவிட்டார்கள். எட்மண்ட் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்கழுத்து சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

அன்று சாயந்தரம் அவர் சொன்னது ஒரே வாக்கியம். "அதுக்குக் காது இல்ல ஜோ."

மறுநாள் லாசரஸுக்கு போன் செய்து, லெந்து முடிகிற வரை வாத்தியம் இல்லாமல் பாடலாம், ஈஸ்டருக்கு மிஷினைத் தயார் பண்ணிவிடுகிறேன் என்றார். லாசரஸ் சரி என்றார். ஆக, மிச்சமிருந்தது ஒரே வாய்ப்பு.

எனக்கு வந்த கோபம் மிஷின் மேல் இல்லை, சபை மேல். சிட்லபாக்கத்தில் தபீதாள் அக்கா வீட்டு மாடி ஹாலில் பெண்கள் சங்கத்து ஆட்கள் இருபத்திரண்டு பேரைக் கூட்டினேன்.

"அந்த மனுஷன் முப்பத்தோரு வருஷம் நமக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு. ஆறு வாரம் அவருக்காக நாம ஓடக் கூடாதா?" என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. கணக்கு டீச்சரிடம் யார் வாய் திறப்பார்கள்?

போனில் தாளம் தட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டேன். செவ்வாய், வெள்ளி மூன்று மணிக்குப் பயிற்சி. டிக், டிக், டிக். வரி முடிந்த அடுத்த டிக்கில் அடுத்த வரி, மூச்சு எல்லாம் வீட்டுக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். முதல் வாரம் ஒருத்திக்கு இருமல் வந்துவிட்டது. எல்லாரையும் விட மோசம் நான்தான், மூன்றாவது வரி வந்தால் தன்னால் இழுத்தேன். அப்படி இழுக்கும்போதெல்லாம் என் தொடையில் கிள்ளச் சொல்லித் தபீதாள் அக்காவை நானே கேட்டுக்கொண்டேன். அக்கா மனப்பூர்வமாகக் கிள்ளினார். நாலு வாரத்தில் என் தொடை நீலம் பாரித்திருந்தது, நானும் திருந்தியிருந்தேன்.

எட்மண்டிடம் சொல்லவில்லை. சொன்னால், 'சபையை எதுக்கு மாத்தற' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். தவிர, ஈஸ்டர் அன்று மிஷினும் நாங்களும் ஒன்றாகப் போகும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அதனால் பெண்களிடம் இன்னொன்றும் கட்டாயமாகச் சொல்லி வைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல யாரும் காட்டிக்கக் கூடாது. ஈஸ்டர் வரைக்கும் வழக்கம்போல இழுத்தே பாடணும். நல்லாவே இழுங்க."

நல்லாவே இழுத்தார்கள்.

அந்த ஞாயிறுகளில் எட்மண்ட் தூண் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் ஒரு நீள நோட்டை வைத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். வளைந்து வளைந்துதான் எழுத வந்தது, ஆனாலும் விடாமல் எழுதினார். பிரசங்கக் குறிப்பு எடுக்கிறார், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் ஹெட்போன், டக் டக். "எப்படிப் போகுது?" என்று கேட்டால், "போகுது" என்பார். நவம்பருக்குப் பிறகு நான் பார்க்காத ஒரு சிரிப்பு அவர் உதட்டில் இருந்தது. என் ரகசியத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் அந்தச் சிரிப்பு எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஈஸ்டர் அன்று கோயில் நிறைந்திருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை தலை காட்டுகிறவர்களும் வந்திருந்தார்கள். எட்மண்ட் புதுச் சட்டை போட்டிருந்தார். நான் தபீதாள் அக்காவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். எட்மண்ட் பட்டனை அழுத்தினார்.

முதல் வரியை இருபத்திரண்டு பேரும் கம்பீரமாகப் பாடி முடித்து, அடுத்த டிக்கில் இரண்டாம் வரிக்குள் போனோம். மிஷின் வரவில்லை. கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது.

பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். நாங்கள் நாலு வார்த்தை போன பிறகு அது நிதானமாக இரண்டாம் வரியைத் தொடங்கியது. ஆண்கள் பக்கத்துக்கு நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை, அவர்கள் மிஷினோடு சேர்ந்து சுகமாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் வரி முடிவிலும் மிஷின் நின்றது. மூன்றாம் வரி முடிவில் அது நின்ற நிற்பு எல்லாவற்றையும் விடப் பெரிது. அந்த நிற்பின் நடுவில் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நீளம் எனக்குத் தெரியும். அது என் மூச்சின் நீளம்.

மனுஷன் ஆறு வாரமாகத் தூண் ஓரத்தில் உட்கார்ந்து, நாங்கள் எங்கே எவ்வளவு நிற்கிறோம் என்று எண்ணி எண்ணி அதையெல்லாம் மிஷினுக்குள் வைத்திருக்கிறார். காது இல்லாத மிஷினுக்கு அவர் காதைக் கொடுத்திருக்கிறார். அதற்காகவே நல்லா இழுங்கள் என்று நான் சொல்லி அனுப்பிய மாதிரி ஆகிவிட்டது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

இழுத்துவிடலாம், திரும்பிப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நான் அடுத்த எழுத்தைப் பிடித்தேன். பக்கத்திலிருந்த தபீதாள் அக்கா பழக்க தோஷத்தில் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். நான் விட்டுவிட்டேன்.

இரண்டாம் சரணத்தில் பெண்களில் பாதிப் பேர் மிஷினிடம் போனார்கள், பாதிப் பேர் ஓடிக்கொண்டே இருந்தார்கள், சிலர் புத்தகத்தை மூடிவிட்டார்கள். எட்மண்ட் திரும்பி எங்களைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் பாட்டு நடுவில் அவர் சபையைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பட்டனை அழுத்தி மிஷினை நிறுத்தினார். எட்டு விரலால் ஒரு வரி வாசித்துப் பார்த்தார். மெட்டு இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மீதிப் பாட்டை ஆயர் மைக்கில் பாட, சபை பின்னால் பாடி முடித்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஆரோன் கூட ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, செய்து வைத்திருந்த பிரியாணியை நாங்கள் இரண்டு பேரும் தொடவில்லை.

"நீங்கள்லாம் எப்ப மாறினீங்க?" என்று எட்மண்ட் கேட்டார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், மாடி ஹாலை, டிக் டிக்கை, கிள்ளலை, கடைசியாக நல்லா இழுக்கச் சொன்னதை. முழுக்கக் கேட்டார்.

"நேராத்தான் பாடினீங்க. நல்லா இருந்துச்சு" என்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீயும் சொல்லியிருக்கலாம்."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அவரைக் காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்பி நானே அவரைக் கவிழ்த்துவிட்டேன், வேறு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை.

மறுநாள் லாசரஸ் வந்தார். தப்பு முழுக்க என்னுடையது, இன்னும் ஒரே ஒரு ஞாயிறு கொடுங்கள் என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

"அக்கா, மனசுல வச்சிக்காதீங்க. ஒரு தடவை நீங்க இழுக்கிறீங்க, ஒரு தடவை மிஷின் இழுக்குது. கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. வர்ற ஞாயிறுலேர்ந்து அஸ்தினாபுரத்துக்காரர் வர்றாரு. அண்ணன் ரெஸ்ட் எடுக்கட்டும்." காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னொரு விஷயம் அண்ணே. புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு அந்தப் புது ஆளால வர முடியாதாம். நீங்க போட்டு வச்ச பாட்டுல நடுநடுவுல நிக்குது பாருங்க, அதை மட்டும் எடுத்துக் குடுத்துட்டா, ஆரோனே பட்டனை அழுத்திடுவான். இப்பதான் லேடீஸ் எல்லாரும் நேராப் பாடறாங்களே."

நான் வாயைத் திறந்தேன். எட்மண்ட் முந்திக்கொண்டார்.

"செஞ்சு குடுத்துடறேன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். நோட்டை என்னிடம் கொடுத்து, வாசிக்கச் சொன்னார். அப்போதுதான் அதைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு வரி முடிவுக்கும் எத்தனை பீட், அதாவது எத்தனை தாளத் தட்டு, நிற்க வேண்டும் என்ற எண், அதற்கு நேரே கோணல் எழுத்தில் ஒரு பெயர். அந்த இடத்தில் யாருக்காக நிற்கிறாரோ அவர் பெயர்.

"முதல் வரி, ஒண்ணரை பீட், தபீதாள்" என்று வாசித்தேன். அவர் பட்டனை அழுத்தினார். திரையில் எண் குறைந்தது.

"ரெண்டாவது வரி, ரெண்டு பீட், லாசரஸ்." லாசரஸுக்கு ஆஸ்துமா. அதையும் எடுத்தார்.

அடுத்ததை வாசிக்காமல் நோட்டை மடியில் இறக்கினேன். அவர் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். அந்த மிஷினுக்குள் என்ன ஓடுகிறது என்று இத்தனை நாளில் முதல் தடவையாகக் கேட்டேன். மூன்றாவது வரி வந்தது. கூடவே மெல்லப் பாடினேன். கடைசி எழுத்தைப் பிடித்தேன். மிஷின் நின்றது. நான் இழுத்து முடித்து, மூச்சு வாங்கி, எச்சில் விழுங்கினேன். சரியாக அப்போது நாலாவது வரி தொடங்கியது. ஒரு இம்மி கூட முன்னே பின்னே இல்லை.

ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் மாட்டிக்கொண்டு விரலைப் பட்டனில் வைத்தபடி காத்திருந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தார்.

"மூணாவது வரி, நாலு பீட்" என்றேன்.

"பேரு?"

"பேரு எதுக்கு. எடுங்க."

எடுத்தார். இன்னும் இருபத்திரண்டு பாட்டு இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பினேன்.